மிச்சமான உழைப்பு எங்கே போகிறது?

பெயர்பெற்ற வீடியோ கேம் ஒன்றின் அடுத்த பாகத்துக்கு முன்னோட்டம் வந்துவிட்டால் போதும், அன்றிரவே ரசிகர்கள் துப்பறியத் தொடங்கிவிடுகிறார்கள். முந்தைய பாகத்தின் காட்சியையும் புதிய பாகத்தின் காட்சியையும் அருகருகே வைத்து, இதே கதவு, இதே பாறை, நாயகன் வாளை உருவும் இதே அசைவு என்று வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். தீர்ப்பும் கையோடு வந்துவிடும்: நிறுவனத்துக்குச் சோம்பல் வந்துவிட்டது, பழைய சரக்கைப் புது விலைக்கு விற்கிறது. ஒரு கேமுக்காக உருவாக்கப்படும் மரம், கட்டடம், முகம், உடை, நடை, ஓசை எல்லாவற்றையும் சேர்த்து இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ‘அசெட்’ என்கிறார்கள். ஒருமுறை செய்துவிட்டால் அவை கணினிக் கோப்புகள். எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம். அதனாலேயே அப்படி எடுத்துப் போடுவது ஏமாற்று வேலை என்ற எண்ணம் வலுத்திருக்கிறது. இந்தக் கோபம் ஆள் மாறிப் பாய்கிறது என்பேன். பழைய மரத்தையே மறுபடியும் நட்டார்களா என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. அதைப் புதிதாக வரையாததால் மிச்சமான உழைப்பு எங்கே போனது என்று கேட்க வேண்டும். அடுத்த பாகமானாலும் ரீமேக் ஆனாலும் அதன் தரத்தை அளக்க உதவும் கேள்வி அது.

மறுபயன்பாடு இந்தக் கலையின் பிறப்பிலேயே இருக்கிறது. 1985இல் நின்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைப்போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த நெருக்கடியில் வானத்து மேகத்தையும் தரையிலிருக்கும் புதரையும் ஒரே படமாக வரைந்து, ஒன்றுக்கு வெள்ளையும் மற்றொன்றுக்குப் பச்சையும் பூசினார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு மாரியோவுக்கு லூய்ஜி என்ற தம்பி கிடைத்ததும் அண்ணன் உருவத்துக்கு வேறு நிறம் பூசித்தான். 1992இல் வந்த மார்ட்டல் காம்பாட்டின் ஸ்கார்ப்பியன், சப்-ஜீரோ ஆகிய இரண்டு நிஞ்சாக்களும் ஒரே நடிகரைப் படம்பிடித்து உடையின் நிறத்தை மாற்றியதால் உருவானவர்கள். நம் நாடகக் கம்பெனிகளும் இப்படித்தான் வள்ளி திருமணத்துக்கு இறக்கிய காட்டுத் திரையையே பவளக்கொடிக்கும் இறக்கின. அவையில் இருந்தவர்களின் கண் திரைக்கு முன்னால் நடந்ததில்தான் இருந்தது. வீடியோ கேமின் முதல் தலைமுறை ரசிகர்களும் அப்படித்தான் பார்த்தார்கள்.

அன்று தட்டுப்பாடு கணினி நினைவகத்துக்கு. இன்று தட்டுப்பாடு மனித உழைப்புக்கும் காலத்துக்கும். ஆக்டிவிஷன் பிளிஸார்டை மைக்ரோசாஃப்ட் வாங்குவது தொடர்பாக 2023இல் அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், சோனி தாக்கல் செய்த ஓர் ஆவணத்தில் ரகசிய எண்களைக் கறுப்புப் பேனாவால் அடித்திருந்தார்கள். அடித்தலையும் மீறி எண்கள் தெரிந்துவிட்டன. தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு ஏறத்தாழ 22 கோடி டாலர், ஹொரைசன் ஃபார்பிடன் வெஸ்ட்டுக்கு 21.2 கோடி டாலர் செலவாகியிருந்தது. இரண்டாவது கேமில் உச்சகட்டத்தில் 300 பேர் வேலை செய்தார்கள். ஐந்து ஆண்டுகள் ஆயின. இந்தப் பணத்தில் பெரும்பகுதி சம்பளம். ஒவ்வொரு இலையையும் ஒவ்வொரு உடையின் தையலையும் உண்மைபோலக் காட்டக் கலைஞர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்ததன் விலை. இவ்வளவு போட்ட பிறகு ஒரு கேம் தோற்றால் ஒரு ஸ்டூடியோவே மூடப்படலாம். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரையும், அடுத்த மாதம் சோனி 900 பேரையும் வேலையிலிருந்து நீக்கின. அதற்குக் காரணங்கள் பல. ஒவ்வொரு கேமையும் சூதாட்டமாக்கிவிட்ட இந்தச் செலவுப் பெருக்கம் அவற்றில் சிறியதல்ல.

மிச்சமான உழைப்பு எப்படிப் பலன் தரும் என்பதற்கு நின்டெண்டோவிலேயே ஒரு பழைய சான்று உண்டு. 1998 நவம்பரில் வெளியான தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஆகரினா ஆஃப் டைம் பல ஆண்டு உழைப்பில் உருவானது. அதன் வெற்றிக்குப் பிறகு, அதே கேமின் கோட்டைகளையும் குகைகளையும் மட்டும் மாற்றியமைத்து ஒரு பதிப்பு செய்யலாம் என்று அதன் தயாரிப்பாளர் ஷிகெரு மியாமோட்டோ விரும்பினார். அவற்றை வடிவமைத்தவர்களில் ஒருவரான எய்ஜி அவோனுமாவுக்கு அதில் மனம் செல்லவில்லை. அப்படியானால் ஒரே ஆண்டில் ஒரு புதிய செல்டாவைச் செய்துகாட்டு என்றார் மியாமோட்டோ. எல்லாவற்றையும் புதிதாக வரைய நேரமில்லை. முந்தைய கேமின் எஞ்சினையும் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்) உருவங்களையும் எடுத்துக்கொண்டு 2000 ஏப்ரலில் மஜோராஸ் மாஸ்க் வந்தது. அதில் நிலவு பூமியை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. மூன்று நாளில் மோதிவிடும். ஆட்டக்காரர் அந்த மூன்று நாள்களையே திரும்பத் திரும்ப வாழ வேண்டும். ஊரில் முக்கியமான ஒவ்வொருவருக்கும் அந்த மூன்று நாளுக்கும் மணிக்கணக்கில் ஓர் அட்டவணை உண்டு. தபால்காரர் எப்போது எந்தத் தெருவில் இருப்பார், விடுதிக்காரப் பெண் எப்போது கடிதம் எழுதுவாள் என்பதெல்லாம் அதில் அடங்கும். முகங்களை வரைவதில் மிச்சமான நேரம் அந்த முகங்களின் வாழ்க்கைக்குப் போனது.

அந்தக் கேம் பழைய முகங்களைப் பொறுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை, அவற்றிலிருந்தே தன் உணர்வை எடுத்தது. முந்தைய கேமில் பண்ணைப் பெண் ஒருத்தி சிறுமியாகவும் வளர்ந்தவளாகவும் இரண்டு பருவங்களில் வருவாள். அந்த இரண்டு உருவங்களும் இங்கே அக்கா, தங்கையாக ஒரே பண்ணையில் வாழ்கின்றன. தெரிந்த முகங்கள் வேறு பெயரில், வேறு கவலையில் நம்மை அடையாளம் தெரியாமல் பார்க்கின்றன. கனவில் நிகழ்வது போன்ற இந்தத் திகைப்பைப் புத்தம்புதிய முகங்களால் கொடுத்திருக்க முடியாது. செலவைக் குறைக்க வந்த வழி அங்கே கதை சொல்லும் வழியானது.

செகாவின் யாகுசா தொடர் இதே வழியில் இருபது ஆண்டுகளாக நடக்கிறது. 2005 டிசம்பரில் ஜப்பானில் வந்த முதல் கேமிலேயே காமுரோச்சோ என்ற ஊர்ப்பகுதி உருவாகிவிட்டது. டோக்கியோவில் ஷிஞ்ஜுகுவின் கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோவைப் பார்த்து அமைக்கப்பட்ட சில தெருக்கள்தான் அது. அதற்குப் பிறகு வந்த பாகங்களில் பெரும்பாலானவை அந்தத் தெருக்களுக்குத் திரும்பியிருக்கின்றன. ஊரைப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை என்பதால் ஏறத்தாழ ஆண்டுக்கொன்றாக, நீண்ட கதையுடனும் எண்ணற்ற கிளைக்கதைகளுடனும் கேம்களை வெளியிட முடிந்தது. 2015இல் வந்த யாகுசா 0 காலத்தில் பின்னோக்கிப் போய், ஜப்பானில் நிலத்தின் விலை வானைத் தொட்ட 1988இல் நிகழ்கிறது. காமுரோச்சோவின் நடுவே கிடக்கும் துண்டு நிலம் ஒன்றுக்காகக் கொலைகள் விழுகின்றன. அந்த இடத்தில் பின்னாளில் எழப்போகும் மில்லெனியம் கோபுரத்தை முந்தைய பாகங்களை ஆடியவர்கள் நன்றாக அறிவார்கள். அதன் உச்சியில் சண்டையும் போட்டிருப்பார்கள். வெறும் மண்ணைக் காட்டியதும் அவர்களுக்கு நெஞ்சு படபடக்கிறது என்றால், பத்து ஆண்டுகளாக அந்தத் தெருக்களை மாற்றாமல் வைத்திருந்ததன் பலன் அது. ஓர் ஊர் நினைவில் தங்க, அதற்குள் பலமுறை போய்வர வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் புது ஊர் கட்டும் தொடருக்கு இந்தப் பலன் ஒருபோதும் கிட்டாது.

மறுபயன்பாட்டின் மிகப்பெரிய சோதனை 2023 மே மாதம் நடந்தது. செல்டா தொடரில் 2017இல் வெளியான பிரெத் ஆஃப் தி வைல்ட் பரந்த நிலப்பரப்பைத் திறந்துவிட்டு உலகப் புகழ் பெற்றது. ஆறு ஆண்டுகள் காக்கவைத்து வந்த அடுத்த பாகமான டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் அதே நாட்டில், அதே மலைகள், அதே ஊர்களோடு தொடங்கியது. விலை மட்டும் 60 டாலரிலிருந்து 70 டாலராகியிருந்தது. வெளிவருமுன் பலர் இதைப் பழைய கேமுக்கான விலையுயர்ந்த இணைப்பு என்று கேலி செய்தார்கள். மிச்சமான உழைப்பு எங்கே போனது என்று பார்த்தால் பதில் கண்முன்னே கிடக்கிறது. வானத்தில் தீவுகளும் நிலத்துக்கு அடியில் இருண்ட உலகம் ஒன்றும் சேர்ந்தன. அதைவிட, கண்ணில் படும் பலகை, சக்கரம், விசிறி என்று பலவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டி வண்டியோ படகோ விமானமோ செய்துகொள்ளும் வசதி வந்தது. ஆட்டக்காரர் கற்பனை செய்யும் எந்தக் கோணலான இயந்திரமும் இயற்பியல் விதிப்படி நகர வேண்டும். அதைப் பிழையில்லாமல் செய்வது ஒரு மலையை வரைவதைவிடப் பல மடங்கு கடினம். 2022 மார்ச்சிலேயே ஏறத்தாழ முடிந்துவிட்ட கேமைச் செம்மைப்படுத்துவதற்காகவே இன்னும் ஓராண்டு தள்ளிப்போட்டார்கள். வெளியான மூன்று நாளில் 1 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. பழைய நிலமே அதற்கு ஏற்ற களமும்கூட. முதல் பாகத்தில் மழையில் வழுக்கி வழுக்கி ஏறிய மலையின் மேல், இரண்டாம் பாகத்தில் தான் செய்த விமானத்தில் பறக்கும்போதுதான் தன் புதிய ஆற்றலின் அளவு ஒருவருக்குப் புரிகிறது.

எதிர்ச்சான்றுகளும் உண்டு, அவை இந்த வாதத்துக்கு இன்னும் தெளிவு தருகின்றன. 2009 நவம்பரில் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸுக்குப் பிறகு, ஒன்றரை ஆண்டுகூட ஆகாமல் 2011 மார்ச்சில் டிராகன் ஏஜ் 2 வந்துவிட்டது. ஒரே குகையின் வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு, இம்முறை ஒரு வாசலையும் அடுத்த முறை இன்னொரு வாசலையும் அடைத்து வேறு வேறு குகை என்றார்கள். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள்; நியாயம்தான். ஆனால் இதிலுள்ள முரணைக் கவனிக்க வேண்டும். அந்தக் கதை கிர்க்வால் என்ற ஒரே நகரத்தில் பல ஆண்டுகள் நடக்கிறது. மறுபயன்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கதை அமையாது. ஆண்டுகள் ஓட ஓட கடைகள் மூடப்படுவதையும், சுவர்கள் கறுப்பதையும், ஒரு தெருவின் குணமே மாறுவதையும் காட்டியிருக்கலாம். காலம் நகர்ந்தது, நகரம் ஏறத்தாழ அப்படியே நின்றது. குறை பழைய தெருவைக் காட்டியதில் இல்லை. மிச்சமான நாள்கள் தெருவுக்குத் திரும்பாமல் வெளியீட்டுத் தேதியை முன்னுக்கு இழுப்பதில் கரைந்துபோனதே குறை. 2023இன் கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 3 பலர் சேர்ந்து ஆடும் பகுதிக்கு 2009ஆம் ஆண்டுக் கேமின் 16 களங்களையும் புதுப்பித்துக் கொடுத்து, 70 டாலர் கேட்டது. தனியாக ஆடும் கதைப்பகுதி குறுகியது, அவசரத்தில் செய்தது என்று விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள். அங்கேயும் மிச்சம் ஆட்டக்காரரிடம் வந்து சேரவில்லை.

ரீமேக்குகளில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. அடுத்த பாகத்தில் படம் பழையது, ஆட்டம் புதியது. ரீமேக்கில் பெரும்பாலும் ஆட்டம் பழையது, படம் புதியது. 2013இல் வந்து, 2014இல் ஒருமுறை மெருகேற்றப்பட்ட தி லாஸ்ட் ஆஃப் அஸ், 2022இல் மீண்டும் முழுதாக வரையப்பட்டு 70 டாலருக்கு வந்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் ஆடக்கூடிய வசதிகளைச் சேர்த்தது அதன் உண்மையான நன்மை. மற்றபடி, ஒன்பது ஆண்டுகளில் பழையதாகிவிடாத ஒரு கேமின் ஒவ்வொரு சுவரையும் திறமைசாலிகள் மறுபடி வரைந்த உழைப்பில் எத்தனை புதிய யோசனைகள் பிறந்திருக்கலாம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பழைய படத்தை வைத்துப் புதிய ஆட்டம் செய்தால் சோம்பேறித்தனம் என்றும், புதிய படத்தை வைத்துப் பழைய ஆட்டம் விற்றால் மரியாதை என்றும் சொல்லும் ரசனை, கேம் என்பது ஆடுவதற்கானது என்பதை மறந்துவிட்டது.

படங்களைத் தனியே பிரித்தெடுத்துப் பளபளப்பாக்கினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2021 நவம்பரில், கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ தொடரின் மூன்று பழைய கேம்கள் புதுப்பித்த தொகுப்பாக வந்தன. பழைய படங்களை மென்பொருள் கொண்டு பெரிதாக்கித் தெளிவாக்கியதில் கடைப் பெயர்ப்பலகைகளில் எழுத்துப்பிழைகள் முளைத்தன. 2004இன் சான் ஆண்ட்ரியாஸில் தூரத்தை மூடியிருந்த மூட்டம் அகற்றப்பட்டது. பிளேஸ்டேஷன் 2இன் வலுக்குறைவால் போடப்பட்ட மூட்டம்தான் அது. ஆனால் மூன்று நகரங்களையும் ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் இருப்பதாக நம்பவைத்ததும் அதுவே. அது போனதும் மலை உச்சியில் நின்றால் மாநிலம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கி, பொம்மை ஊர் போலச் சுருங்கிவிட்டது. வெளியான ஒரு வாரத்துக்கெல்லாம், தொடரை வெளியிடும் ராக்ஸ்டார் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பழைய ஒளியமைப்பைத் திருப்பித் தரும் வசதி 2024 நவம்பரில்தான் வந்தது. 2012இல் வந்த சைலண்ட் ஹில் ஹெச்டி தொகுப்பிலும் இதே கதை. பனிமூட்டமே உயிரான அந்தத் திகில் கேமில் மூட்டம் சரியாக அமையவில்லை. இரண்டு தொகுப்புகளையும் செய்தவர்கள் மூலக் கேம்களைச் செய்தவர்கள் அல்லர் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சைலண்ட் ஹில் தொகுப்பின் தோல்விக்கு இன்னொரு காரணமும் உண்டு. முடிந்த கேமின் மூல நிரல் அதை வெளியிட்ட கோனாமியிடம் இல்லை. முற்றுப்பெறாத நிரலை வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருந்தது. 2002இன் கிங்டம் ஹார்ட்ஸை 2013இல் உயர்தரத்தில் வெளியிட முனைந்த ஸ்கொயர் எனிக்ஸுக்கும் மூலக் கோப்புகள் கிடைக்கவில்லை. விற்பனையான கேமுக்குள்ளிருந்தே பலவற்றைப் பிரித்தெடுத்தும், மறுபடி செய்தும் ஈடுகட்டினார்கள். ஒருமுறை விற்று முடித்ததும் உள்ளே இருப்பவற்றால் இனிப் பயனில்லை என்று நினைத்த தொழிலின் பழக்கம் இது. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 விழுக்காடு அப்போது கடைகளில் வாங்கக் கிடைக்கவில்லை. பழைய அசெட்டை மறுபடி எடுக்கலாம் என்ற எண்ணம் உள்ள ஸ்டூடியோதான் அதைப் பத்திரப்படுத்தும். மறுபயன்பாட்டைக் கேவலமாகப் பேசுவது இந்த அலட்சியத்துக்குத் துணைபோகிறது.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். முதல் மறுப்பு விலையைப் பற்றியது: செலவு குறைந்தால் விலையும் குறைய வேண்டாமா? பாதி நியாயம் இதில் உண்டு. 2020இல் வந்த ஸ்பைடர்-மேன்: மைல்ஸ் மொராலெஸ் 2018ஆம் ஆண்டுக் கேமின் மன்ஹாட்டனையே பனி தூவிக் காட்டியது. கதையும் சிறியது, அதற்கேற்ப விலையை 50 டாலராக வைத்தார்கள். பெரிதாக யாரும் குறைசொல்லவில்லை. அதே ஆண்டு வந்த ரெசிடெண்ட் ஈவில் 3 ரீமேக் முந்தைய ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தின் காவல் நிலையத்தை மறுபடி பயன்படுத்தி, சில மணி நேரத்தில் முடிந்துவிடும் கதைக்கு முழு விலையான 60 டாலரைக் கேட்டது, முணுமுணுப்பு எழுந்தது. 1999இன் மூல கேமும் இரண்டாம் பாகத்தின் அதே காவல் நிலையத்தைத்தான் பயன்படுத்தியது என்பதால் அந்த முணுமுணுப்பு மறுபயன்பாட்டைப் பற்றியதாக இருக்க முடியாது. கிடைத்தது குறைவு என்பதைப் பற்றியது. விலை என்பது புதிதாக வரைந்த மரங்களின் எண்ணிக்கைக்குக் கொடுப்பதல்ல, கிடைக்கும் அனுபவத்துக்குக் கொடுப்பது. டியர்ஸ் ஆஃப் தி கிங்டமுக்கு 70 டாலர் கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கணக்கு நேராக இருந்தது. மாடர்ன் வார்ஃபேர் 3க்குக் கொடுத்தவர்களில் பலருக்குக் கோணலாக இருந்தது.

இரண்டாவது மறுப்பு, இப்படியே போனால் தொழில்நுட்பம் தேங்கிவிடும் என்பது. புதிதாக வரைய வேண்டும் என்ற வேட்கைதான் காட்சித்தரத்தை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது என்பது உண்மை. ஆனால் 1995க்கும் 2005க்கும் இடையே ஒவ்வொரு தலைமுறை இயந்திரமும் காட்டிய பாய்ச்சல் இன்று இல்லை. பத்து ஆண்டுக்கு முந்தைய நல்ல கேம் ஒன்றையும் இவ்வாண்டின் கேம் ஒன்றையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும். செலவோ பல மடங்கு. இதைப் புரிந்துகொண்டவர்கள் உழைப்பை வேறு பக்கம் திருப்புகிறார்கள். ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் எல்டன் ரிங், அதே நிறுவனத்தின் டார்க் சோல்ஸ் கேம்களிலிருந்து ஏராளமான அசைவுகளை எடுத்துக்கொண்டது. அதே ரசிகர்கள்தான் அதை 2022இன் சிறந்த கேம் என்று கொண்டாடினார்கள். ஃபால்அவுட் 3இன் எஞ்சினையும் துப்பாக்கிகளையும் விலங்குகளையும் எடுத்துக்கொண்டு ஏறத்தாழ 18 மாதங்களில் ஆப்சிடியன் ஸ்டூடியோ செய்த ஃபால்அவுட்: நியூ வேகாஸ், 2010இல் பல பிழைகளோடுதான் வந்தது. பாலைவனத்தை ஆளப் போட்டியிடும் தரப்புகளின் அரசியலை எழுதியதில் அது காட்டிய ஆழத்துக்காக இன்றும் பேசப்படுகிறது. தேக்கம் என்பது புது எண்ணம் இல்லாததால் வருவது. பழைய துப்பாக்கி இருப்பதால் வருவதல்ல.

மூன்றாவது மறுப்புதான் எல்லாவற்றிலும் கனமானது: அதை வரைந்தவரின் கதி என்ன? உலகக் கேம்களின் நாற்காலிகளும் பீப்பாய்களும் கார்களும் பெரும்பாலும் பெரிய ஸ்டூடியோக்களுக்கு வெளியே, ஒப்பந்த நிறுவனங்களில் உருவாகின்றன. இந்தியாவுக்கும் அதில் பங்குண்டு. 1997இல் பெங்களூரில் தொடங்கிய துருவா இண்டராக்டிவ் வெளிநாட்டுக் கேம்களுக்கு இப்படிச் செய்துகொடுத்தே பெயரெடுத்தது. 2019இல் அதை ராக்ஸ்டார் வாங்கிக்கொண்டது. ஒரு நாற்காலியைப் பத்து கேம்களில் போட்டால் ஒன்பது முறை அவர்களுக்கு வேலை இல்லை என்பதை மறுக்க முடியாது. ஆனால் எல்லாவற்றையும் புதிதாகச் செய்யும் முறையும் அவர்களைக் காப்பாற்றவில்லை. அது வேலையைப் பெருக்கி, ஒரு தோல்வியில் மொத்தமாகப் பறிக்கிறது. மறுபயன்பாட்டுக்கு ஒரு நியாயமான நிபந்தனை விதிக்கலாம்: வரைந்தவர் பெயர் அந்தப் படத்தோடு பயணிக்க வேண்டும். 2002இன் மெட்ராய்டு பிரைமைப் புதுப்பித்து 2023இல் வெளியிட்ட நின்டெண்டோ, மூலக் கேமைச் செய்தவர்களின் பெயர்களைத் தனித்தனியே போடாமல், அவர்கள் உழைப்பை அடிப்படையாகக் கொண்டது என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. அவர்களில் சிலர் வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார்கள். பெயர் போட ஒரு காசும் செலவில்லை.

இதே இடத்தில் இன்னொரு எல்லையையும் வரைய வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் வீடியோ கேம்களுக்குக் குரலும் உடல் அசைவும் தரும் நடிகர்கள் 2024 ஜூலையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பதிவுசெய்த தங்கள் குரலையும் அசைவையும் செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுத்து, தாங்கள் நடிக்காத நடிப்பை உருவாக்கக்கூடாது என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கை. ஒப்பந்தம் ஏற்பட ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. செய்த வேலையை மறுபடி பயன்படுத்துவதும், அந்த வேலையை மூலப்பொருளாக்கிச் செய்தவருக்குப் பதிலாக ஒன்றைத் தயாரிப்பதும் ஒன்றல்ல. முதலாவதை ஆதரிக்கும் எந்த வாதமும் இரண்டாவதற்கு அனுமதிச்சீட்டு ஆகிவிடாது. முதலாவதில் மிச்சமாகும் உழைப்பு அந்த மனிதரிடமே இருக்கிறது. அவர் வேறொன்றைச் செய்யலாம். இரண்டாவதில் மனிதரே தேவையற்றவர் ஆகிறார்.

வெளிப்படைத்தன்மையைப் பற்றிய குறையும் நியாயமானதே. 2019இல் போகிமான் ஸ்வார்டு, ஷீல்டு கேம்களில் எல்லாப் போகிமான்களையும் கொண்டுவர முடியாது என்று தயாரிப்பாளர்கள் அறிவித்தார்கள். புதிய இயந்திரத்தின் தரத்துக்கு அவற்றின் உருவங்களை மறுபடி செய்ய வேண்டியிருப்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பழைய கேம்களின் உருவங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ரசிகர்கள், பலவற்றில் பெரிய மாற்றம் எதுவும் இல்லையே என்று படம் போட்டுக் காட்டினார்கள். அந்த வெடிப்பில் இருந்த கசப்பு, உருவங்கள் பழையவை என்பதால் வந்ததல்ல. பழையதைத்தான் பயன்படுத்துகிறோம், நேரத்தை இன்னின்ன விஷயத்துக்குச் செலவிடுகிறோம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் வாக்குவாதம் வேறு தளத்தில் நடந்திருக்கும். மறுபயன்பாட்டைக் குற்றம்போல மறைக்கும் வரை ரசிகர்களும் அதைக் குற்றம்போலத்தான் துருவுவார்கள்.

இந்தச் சான்றுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், எது வென்றது எது தோற்றது என்பதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. மஜோராஸ் மாஸ்க்கையும் டியர்ஸ் ஆஃப் தி கிங்டமையும் யாகுசா வரிசையையும் செய்தவர்கள், பழைய உலகத்தைக் கட்டிய அதே குழுவினரோ அவர்களோடு வேலை செய்து வளர்ந்தவர்களோதான். நியூ வேகாஸைச் செய்தது வேறு ஸ்டூடியோ என்றாலும், அங்கிருந்தவர்களில் சிலர் தொண்ணூறுகளின் ஃபால்அவுட் கேம்களைச் செய்த குழுவிலிருந்து வந்தவர்கள். எந்த மூட்டம் குறையை மறைக்கிறது, எது மயக்கத்தை உண்டாக்குகிறது என்று அவர்களுக்குத் தெரியும். கோப்புகள் மட்டும் கைமாறிப் போன இடங்களில் எழுத்துப்பிழைகளும் சுருங்கிய மாநிலமும் கிடைத்தன. டிராகன் ஏஜ் 2இல் உலகத்தை அறிந்த ஆள்கள் இருந்தார்கள், நேரம் இல்லை. ஆக, அறிந்தவர்களும் வேண்டும், அவர்களுக்கு நேரமும் வேண்டும். இரண்டும் இருந்தால் பழைய ஊர் மூலதனம். ஒன்று குறைந்தாலும் அது பழைய சரக்குதான்.

இதிலிருந்து தொழிலுக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. ஒரு கேம் முடிந்த மறுமாதமே அதைச் செய்தவர்களைக் கூண்டோடு அனுப்பிவிட்டு, பிறகு அவர்கள் விட்டுப்போன கோப்புகளை வைத்துச் செலவைக் குறைக்கலாம் என்று நினைக்கும் நிறுவனம் தன் சேமிப்பின் பெரும்பகுதியை வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டது. வாங்குபவர்களுக்கும் விமர்சகர்களுக்கும் இதில் பங்குண்டு. எத்தனை மரங்கள் புதியவை என்று எண்ணுவதை நிறுத்திவிட்டு, அதே குழு திரும்பி வந்திருக்கிறதா, அவர்களுக்குப் போதிய காலம் கிடைத்ததா, அந்தக் காலத்தில் எதை யோசித்தார்கள் என்று கேட்கத் தொடங்கினால் நிறுவனங்கள் கணக்குப் போடும் விதமும் மாறும். எல்லாமே புதிதாக இருக்க வேண்டும் என்று நாம் அடம்பிடித்தால், ஆறேழு ஆண்டுக்கு ஒன்றாக, தோற்கப் பயந்து துணிச்சல் எதுவும் காட்டாத கேம்களே நமக்குக் கிடைக்கும். தெரிந்த தெருவில் புதிய கதை சொல்ல ஒரு நல்ல குழுவுக்கு அனுமதி கொடுப்பது அதைவிட மலிவு, அதைவிடச் சுவையானதும்கூட.